முதுகில் செல் துண்டோடு 1,070 ஆட்டங்கள்

எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கப் போகிறவரிடம் முதலில் ஒரு படிவத்தைக் கொடுப்பார்கள். உடம்புக்குள் உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று அதில் ஒரு கேள்வி இருக்கும். வேறு ஊர்களில் அதை வாசிக்கிறவருக்கு எலும்பு முறிவுக்கு வைத்த தகடோ இதயத்துக்கு வைத்த கருவியோ ஞாபகம் வரும். கடந்த வருடம் பெரியம்மாவின் மகனோடு துணைக்குப் போயிருந்தேன். அண்ணா பேனையைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். "எத்தினை எண்டும் எழுத வேணுமோ?" என்று கேட்டார்.

அன்று ஸ்கான் எடுக்கவில்லை. மாத்தளனில் பட்ட செல்லின் துண்டு ஒன்று அவருடைய முள்ளந்தண்டுக்குக் கிட்ட இருக்கிறது. காந்தத்தின் இழுவையில் அது அசைந்தால் கால் வழங்காமல் போகலாம் என்று வைத்தியர் விளக்கினார். வெட்டி எடுக்கப் போனாலும் அதே ஆபத்துத்தான். கிடக்கிறது கிடக்கட்டும் என்பதுதான் இத்தனை வருடமாக எல்லா வைத்தியர்களும் அண்ணாவுக்குச் சொல்லி வருவது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவருக்கு ஓர் ஆளைப் பற்றிச் சொன்னேன். முதுகில் அதேபோல ஒரு துண்டோடு இருபத்தொரு பருவங்கள் பந்து எறிந்து சம்பாதித்த ஆள். பெயர் ஹொய்ட் வில்ஹெல்ம். அமெரிக்காவின் பேஸ்போல் வீரர். அன்று பஸ்ஸில் அரைகுறையாகச் சொன்ன கதையைத்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் இரங்கல் குறிப்பு எழுதுவது எப்படி என்று எங்களுக்கு ஒரு பயிற்சி இருந்தது. அதற்காகத் தேடி வாசித்தபோது அகப்பட்டவர்தான் வில்ஹெல்ம். 2002 ஓகஸ்ட் 23ஆம் திகதி புளோரிடா மாநிலத்தின் சரசோட்டாவில் இறந்தவர். நான் வாசித்த குறிப்புகளில் சாதனைகள் பந்தி பந்தியாக அடுக்கப்பட்டிருந்தன. போர் ஒரு வசனத்தில் வந்து போனது. என் கண் அந்த ஒரு வசனத்தில்தான் நின்றது.

பேஸ்போலைப் பார்த்து நாங்கள் வளரவில்லை. ஆனாலும் பாடசாலையில் எல்லே விளையாடியவருக்கு அது முழுக்க அந்நியமாக இருக்காது. பந்தை அடித்துவிட்டு, வரிசையாக இருக்கும் நிலைகளைத் தொட்டு ஓடி, புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் மூன்று பேர் ஆட்டமிழந்ததும் மற்ற அணி அடிக்க வரும். கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் பந்துவீச்சாளர் மாறுவார். இங்கே ஒருவரே தொடர்ந்து எறிவார். அவரைப் பிச்சர் என்கிறார்கள். பதினெட்டரை மீற்றர் தூரத்திலிருந்து, ஒரே ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேலும் எறிய நேரும். கை சோரும். அடி விழத் தொடங்கும். அப்போது அவரை வெளியே எடுத்துவிட்டு இன்னொருவரை இறக்குவார்கள். வெளியே போனவர் அந்த ஆட்டத்துக்கு மறுபடி வர முடியாது. இப்படி இடையில் இறங்குகிறவர்தான் ரிலீஃப் பிச்சர்.

அவர் இறங்கும் நேரம் அனேகமாகக் கெட்ட நேரமாகவே இருக்கும். மைதானத்தின் ஓரத்தில் புல்பென் என்ற அடைப்புக்குள் மணிக்கணக்காகக் காத்திருந்துவிட்டு, வேறொருவர் விட்ட பிழையைச் சமாளிக்க வரவேண்டும். இன்றைக்கு இந்த வேலைக்கென்றே கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 1950களில் நிலைமை வேறு. முழு ஆட்டம் எறியும் தகுதியில்லை என்று கழிக்கப்பட்டவர்கள் போய் உட்காரும் இடமாகத்தான் புல்பென்னைப் பார்த்தார்கள். அவர்கள் காப்பாற்றிக் கொடுத்த வெற்றிகளைத் தனியாக எண்ணி அதிகாரபூர்வமாகப் பதியும் வழக்கமே 1969இல்தான் வந்தது.

வில்ஹெல்ம் வட கரோலைனா மாநிலத்தின் ஹன்டர்ஸ்வில் என்ற ஊரில் பிறந்தார். குத்தகைக் காணியில் கமம் செய்த குடும்பம். பதினொரு பிள்ளைகளில் ஒருவர். பாடசாலைக் காலத்தில் செய்தித்தாள் ஒன்றில் டச் லியோனார்ட் என்ற வீரரைப் பற்றி வாசித்தார். வேகம் இல்லாத, சுழலாத ஒரு பந்தை எறிந்து பெயர் எடுத்தவர் அவர். விரல்களை எப்படி வைத்துப் பிடிப்பது என்பது படத்தோடு வந்திருந்தது. வில்ஹெல்ம் அதைப் பார்த்து ரெனிஸ் பந்தில் பழகினார். கற்றுக்கொடுக்க ஆள் இருக்கவில்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் தெம்பு தரும் செய்தி. பத்திரிகையில் வந்த ஒரு விளையாட்டுக் கட்டுரை ஒருவரின் வாழ்நாள் தொழிலையே தீர்மானித்திருக்கிறது.

அந்தப் பந்துக்கு நக்கிள்போல் என்று பெயர். விரல் நுனிகளை, ஏறக்குறைய நகங்களை, பந்தில் ஊன்றிப் பிடித்து, கையை விட்டுப் போகும்போது சுழலாதபடி தள்ளிவிட வேண்டும். முரளிதரனைப் பார்த்து வளர்ந்த எங்களுக்குப் பந்து திரும்புவதென்றால் அது சுழல வேண்டும். இங்கே தலைகீழ். பேஸ்போல் பந்தில் தையல் வரி புடைத்துக்கொண்டிருக்கும். பந்து சுழலாமல், அல்லது மிக மெதுவாக உருண்டபடி போகும்போது, காற்று அந்தத் தையலில் ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறு பக்கம் வேறு மாதிரியும் படும். அதனால் பந்து நடுவழியில் தத்தளிக்கும். இடப்பக்கம் போகும்போலத் தெரிந்து வலப்பக்கம் விழும். மணிக்கு 145 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்தையே அடித்துப் பழகியவர்கள், நூற்றுச் சொச்சம் வேகத்தில் வரும் இந்தப் பந்துக்கு முன்னால் வெறும் காற்றை வீசுவார்கள். எறிந்தவருக்கே அது எங்கே போகும் என்று தெரியாது. பின்னால் குந்தியிருந்து பிடிக்கும் கட்சரின் பாடுதான் பெரும்பாடு. 1954 செப்டெம்பரில் வில்ஹெல்ம் எறிந்தபோது ரே கட் என்ற கட்சர் ஒரே இன்னிங்ஸில் நான்கு பந்துகளைத் தவறவிட்டார். பின்னாளில் அவருடைய அணியொன்றின் மேலாளர் போல் ரிச்சர்ட்ஸ், இந்தப் பந்தைப் பிடிப்பதற்கென்றே பெரிய அளவில் ஒரு கையுறை செய்வித்தார். கையுறையின் அளவுக்கு விதி கொண்டுவரும்வரை அது போனது.

இதையெல்லாம் விளக்கியபோது அண்ணா தன் மகனின் ரெனிஸ் பந்தை எடுத்து, கைபேசியில் நான் காட்டிய படத்தில் இருந்தபடி நகத்தை ஊன்றிப் பிடித்து மதிலுக்கு எறிந்தார். "சுத்துது" என்றார். திரும்பவும் எறிந்தார். அரை மணித்தியாலம் எறிந்தும் ஒன்றுகூடச் சுற்றாமல் போகவில்லை. அவ்வளவு லேசான வேலை இல்லை அது.

1942இல் வில்ஹெல்ம் தன் மாநிலத்திலேயே மூர்ஸ்வில் என்ற சிறிய ஊரின் அணியில் விளையாடத் தொடங்கினார். அமெரிக்கப் பேஸ்போலில் மேல் லீக்குக்குக் கீழே ஏணிப்படிபோலப் பல தரங்கள் உண்டு. இது அடிப்படி. அந்தப் பருவம் முடிந்ததும் இராணுவத்துக்குப் போனார். 1944 டிசெம்பரில் பெல்ஜியம், லக்ஸம்பேர்க் பகுதியின் ஆர்டென் காடுகளில் ஜேர்மன் படை கடைசிப் பெரும் தாக்குதலைத் தொடங்கியது. உறைபனியில் ஒரு மாதத்துக்கு மேல் நடந்த அந்தச் சமரில் அமெரிக்கத் தரப்பில் மட்டும் சுமார் 19,000 பேர் செத்தார்கள். காயப்பட்டவர்களில் வில்ஹெல்மும் ஒருவர். எறிகணைச் சிதறல் முதுகில் பாய்ந்தது. துண்டு உள்ளேயே தங்கிவிட்டது.

போர்க்காயம்தான் அவரை வேகப் பந்தை விட்டு மெதுப்பந்துக்குத் தள்ளியது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். ஆனால் உண்மை அதுவல்ல. அவர் போருக்குப் போகுமுன்பே அதைத்தான் எறிந்தார். திரும்பி வந்தும் அதையே எறிந்தார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவருடைய காயத்தையும் எங்கள் சனத்தின் காயத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அவர் தன் நாட்டின் சீருடையோடு கடல் கடந்து போய்ப் போரிட்ட படைவீரர், வென்ற தரப்பைச் சேர்ந்தவர். காயத்துக்காகப் பேர்பிள் ஹார்ட் என்ற பதக்கம் கொடுத்தார்கள். திரும்பி வந்த ஊரில் செல் விழுந்திருக்கவில்லை. விட்டுப்போன அதே அணியில் 1946இல் மறுபடி சேர்ந்தார். சார்ஜன்ட் தரத்தில் இருந்ததால் சக வீரர்கள் பிற்காலத்தில் அவரை 'பழைய சார்ஜன்ட்' என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். அண்ணா பங்கரை விட்டுத் தண்ணீர் எடுக்க வெளியே போனபோது காயப்பட்டவர். முகாமில் இருந்த காலத்தில் குழாயடியில் சேட்டைக் கழற்றிக் குளிக்கவே மாட்டார். தழும்பைக் கண்டால் எங்கே பட்டது, எப்படிப் பட்டது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேள்வி தொடங்கிவிடும் என்ற பயம். ஒரே வகை இரும்பு. ஒருவருக்குப் பட்டப்பெயர் கிடைத்தது. மற்றவர் சேட்டோடு குளித்தார். இதைப் பஸ்ஸில் நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததும் இல்லை.

1946, 1947 இரண்டு பருவங்களிலும் மூர்ஸ்வில்லுக்காக இருபது வெற்றிகளை எட்டினார். அப்படியிருந்தும் மேல் லீக்கின் கதவு திறக்க இன்னும் ஐந்து வருடம் எடுத்தது. நக்கிள்போலை நம்பி ஓர் ஆளை எடுக்கப் பெரிய அணிகள் தயங்கின. வேகத்தை அளந்து பார்க்கலாம். தத்தளிக்கும் பந்தை எதனால் அளப்பது? ஒருவழியாக 1952 ஏப்ரலில் நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணியில் இறங்கியபோது அவருக்கு வயது 29. மற்றவர்கள் உச்சத்தில் இருக்கும் வயதில் இவர் புதுமுகம்.

வயதைப் பற்றி ஒரு சங்கதி. பேஸ்போல் பதிவுகளில் அவர் பிறந்த வருடம் நீண்டகாலம் 1923 என்றே இருந்தது. சரியானது 1922 ஜூலை 26. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை இடப்பெயர்வில் தொலைத்துவிட்டு வயதை ஊகத்தில் சொல்லும் பலரைப் பேட்டி எடுத்திருக்கிறேன் என்பதால் ஒரு வருட வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. பேஸ்போல் உலகத்தில் அது பெரிய விஷயம். முப்பதைத் தாண்டியவரை முடிந்த கணக்காகப் பார்க்கிற இடம் அது.

ஜயன்ட்ஸின் மேலாளர் லியோ டுரோச்சர் அவரை முழு ஆட்டத்துக்குப் பயன்படுத்தவில்லை. புல்பென்னுக்கு அனுப்பினார். அந்த முதல் வருடத்தில் 71 ஆட்டங்களில் இறங்கினார், அத்தனையும் இடையில் இறங்கியவை. 15 வெற்றி, 3 தோல்வி. பிச்சர்களை அளக்கும் முக்கியமான கணக்கு, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ஓட்டம் கொடுத்தார் என்பது. மூன்றுக்குக் கீழே நின்றாலே நல்ல பெயர். வில்ஹெல்ம் கொடுத்தது 2.43. அந்த வருடம் தேசிய லீக்கிலேயே அதுதான் ஆகக் குறைந்த சராசரி. கழிவு என்று கருதப்பட்ட இடத்திலிருந்து ஒருவர் முழு லீக்கையும் முந்தியிருந்தார்.

அதே ஏப்ரல் 23ஆம் திகதி பொஸ்டன் அணிக்கு எதிராக முதன்முதலாகத் துடுப்பெடுத்தபோது ஹோம் ரன் அடித்தார். கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி. அதன் பின் ஓய்வு பெறும்வரை நானூறு தடவைக்கு மேல் துடுப்பெடுத்தும் இன்னொன்று அடிக்கவில்லை. இது அவருடைய தொழிலுக்குச் சம்பந்தமில்லாத தகவல்தான். ஆனாலும் விட மனம் வரவில்லை.

1954இல் ஜயன்ட்ஸ் உலகத் தொடரை வென்றது. அவரும் அந்த அணியில் இருந்தார். அடுத்த இரண்டு வருடங்கள் சரியில்லை. 1957இல் சென் லூயிஸ் அணிக்கு மாற்றினார்கள். அந்தப் பருவம் முடியுமுன்பே அங்கிருந்து கிளீவ்லன்ட். 1958 ஓகஸ்டில் கிளீவ்லன்டும் கைவிட்டது. வயது 36. பால்ரிமோர் ஓரியோல்ஸ் அவரை எடுத்தது.

எடுத்து ஒரு மாதம் ஆகுமுன், செப்டெம்பர் 20ஆம் திகதி, நியூயோர்க் யாங்கீஸோடு ஆட்டம். அந்த வருடம் உலகத் தொடரை வென்ற அணி. ஓரியோல்ஸ் வில்ஹெல்மை ஆரம்பத்திலிருந்தே எறிய விட்டது. ஒன்பது இன்னிங்ஸும் அவரே எறிந்தார். ஒருவர்கூட அடித்து நிலையை அடையவில்லை. நோ-ஹிட்டர் என்பார்கள். ஓரியோல்ஸ் 1-0 என்று வென்றது. அந்த ஒரு ஓட்டம் அவருடைய பந்துகளைப் பிடித்துக் களைத்த கட்சர் கஸ் டிரையன்டோஸ் அடித்த ஹோம் ரன். இடையில் இறங்கியே பேர் வாங்கிய ஒருவரின் மிகப் புகழ்பெற்ற நாள், அவர் இடையில் இறங்காத நாளாக அமைந்தது. அடுத்த வருடம் அமெரிக்க லீக்கிலும் ஆகக் குறைந்த சராசரி அவருடையதே: 2.19. இரண்டு லீக்கிலும் அப்படி முதலிடம் பிடித்தவர் அதற்கு முன் எவரும் இல்லை.

ஆனால் என்னைக் கேட்டால் அவருடைய நல்ல காலம் அதற்குப் பிறகுதான். 1963இல் சிக்காகோ வைட் சொக்ஸுக்குப் போனபோது நாற்பது வயது. அங்கே ஆறு பருவங்கள். 1964 தொடக்கம் 1968 வரை ஐந்து வருடமும் தொடர்ந்து அவருடைய சராசரி இரண்டுக்குக் கீழே. 1967இல் 1.31. அப்போது 44 வயது. வேகப் பந்து எறிகிறவரின் தோளும் முழங்கையும் முப்பதுகளின் நடுவில் கிழியத் தொடங்கும். நக்கிள்போல் அந்த விலையைக் கேட்பதில்லை. ஒருகாலத்தில் அணிகள் நம்பத் தயங்கிய அதே பந்துதான் அவரைக் களத்தில் வைத்திருந்தது. 1968இல் சை யங் என்ற பழைய ஜாம்பவானின் 906 ஆட்டங்கள் என்ற சாதனையைத் தாண்டினார்.

பிறகு கலிபோர்னியா, அட்லாண்டா, சிக்காகோ கப்ஸ், மறுபடி அட்லாண்டா, லொஸ் ஏஞ்சலிஸ். மொத்தம் ஒன்பது அணிகள். 1970 மே மாதம் ஆயிரமாவது ஆட்டம். அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் பிச்சர். அதே வருடம் நட்சத்திர வீரர்களின் அணிக்கும் தெரிவானார், 48 வயதை நெருங்கிக்கொண்டு. 1972 ஜூலை 21ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அவரை விடுவித்தது. ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் இருந்தது.

மொத்தக் கணக்கு இது: 1,070 ஆட்டங்கள். அவற்றில் ஆரம்பத்திலிருந்து எறிந்தவை 52 மட்டும். மிகுதி 1,018 தடவையும் புல்பென்னிலிருந்து எழுந்து போனவர். 143 வெற்றிகளில் 124 அப்படி வந்தவை. வாழ்நாள் சராசரி 2.52. ஆட்டங்களின் எண்ணிக்கையில் அவரை இன்னொருவர் முந்த 1998 வரை ஆனது.

இவ்வளவும் இருந்தும் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்போல் மேன்மையாளர் மண்டபத்தில் இடம் கிடைக்க 1985 ஆகியது. எட்டாவது தடவை பெயர் வந்தபோதுதான் போதிய வாக்கு விழுந்தது. வாக்களிப்பவர்கள் விளையாட்டுச் செய்தியாளர்கள், எங்கள் தொழிற்காரர். ரிலீஃப் பிச்சரை முழு வீரராக எண்ண அவர்களுக்கு அவ்வளவு காலம் எடுத்தது. அந்த மண்டபத்துக்குள் போன முதல் ரிலீஃப் பிச்சர் அவர்தான். பின்னால் வந்தவர்களுக்கு வழி அவர் வெட்டியது.

ஓய்வுக்குப் பிறகு அட்லாண்டாவின் கீழ்நிலை அணிகளை இரண்டு பருவங்கள் நடத்தினார். பின் யாங்கீஸின் கீழ்நிலை அணிகளில் இளம் பிச்சர்களுக்கு 22 வருடம் பயிற்சி கொடுத்தார். நக்கிள்போலை மட்டும் கற்றுக்கொடுப்பதில்லை. அது ஒருவரிடம் இயல்பிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். செய்தித்தாளைப் பார்த்துத் தானே பழகியவர் இப்படிச் சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அண்ணாவிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பந்து இன்னும் அவருடைய மேசையில்தான் கிடக்கிறது.